துரை சாப்பிடவில்லை

பிப்ரவரி 5, திங்கள்

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா எழுதச் சொல்லியிருக்கிறாள். நாய்க்குக் காலையில் என்ன வைத்தேன், பகலில் என்ன வைத்தேன், எவ்வளவு தின்றது, எல்லாம் தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். "எழுதத் தெரியுமா பாட்டி?" என்று வேறு கேட்டாள். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள் நான். அஞ்சாம் வகுப்பில் என் சிலேட்டுக் குச்சியைத் திருடியவள் பேரும் அவள் தகப்பன் பேரும் இன்றைக்கும் சொல்லுவேன். அதை எதற்கு இந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்? தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

இந்த டைரி ஆவுடை வீட்டு அலமாரியில் கிடந்தது. உரக்கடைக்காரன் கொடுத்தது. போன வருஷத்துத் தேதி. அடித்துவிட்டு எழுதுகிறேன். அவள் வீட்டுப் பொருளை எடுக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். எழுதுவது சாப்பாட்டில் சேராது.

காலை: பால் சோறு. துரை சாப்பிடவில்லை.

பகல்: ரசம் சோறு, ஒரு முட்டை. மோந்து பார்த்தது. சாப்பிடவில்லை.

பொழுதடையும்போது: பிஸ்கட்டு ஒன்று வாயில் வாங்கி, வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டது.

நாய்க்குத் துரை என்று பேர் வைத்தாளே, அதற்கே அவளைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலை: கோழிக்கழுத்து வேகவைத்துப் பிசைந்த சோறு. சாப்பிடவில்லை.

பகல்: தயிர் சோறு, கருவாடு. கடலைமிட்டாய்கூட உடைத்து வைத்துப் பார்த்தேன். தலையைத் திருப்பிக்கொண்டது.

வெறும் சாப்பாட்டுக் கணக்கை மட்டும் எழுதினால் டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்காது. நடந்ததையும் எழுதி வைக்கிறேன்.

ஆவுடை என் கூடப் பிறந்தவள். எனக்கு நாலு வயசு இளையவள். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் செத்துப்போனாள். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நெஞ்சடைப்பு. சாயங்காலம் பால் ஊற்ற வந்தவள்தான் பார்த்திருக்கிறாள். வாசல் கதவு மலரத் திறந்து கிடந்ததாம். உள்ளே எதிரெதிராக இரண்டு மணைப்பலகை, இரண்டு தட்டு. ஆவுடை தட்டில் பாதிச் சோறு. எதிர்த் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்ததாம், ஈ மொய்த்துக்கொண்டு. நடுவில் இந்த நாய். இரண்டு தட்டையும் தொடவில்லை.

ஆம்புலன்சுக்காரன் கேட்டானாம், "கூட யாரு இருந்தது?" என்று. யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அதுதான் மனசில் உறுத்துகிறது. யாரோ வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஒரு பருக்கைகூடத் தொடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். அந்த ஆள் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் ஒரு வாய்த் தண்ணீராவது கொடுத்திருக்கலாம். சத்தமாவது போட்டிருக்கலாம். யார் என்று தெரியட்டும். நான் சும்மா விடமாட்டேன்.

நான் அழவில்லை. எனக்கும் ஆவுடைக்கும் இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இதே கோவில்பட்டியில்தான் இரண்டு பேரும் இருந்தோம். அவள் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்.

பிப்ரவரி 7, புதன்

காலை: இட்லி. சாப்பிடவில்லை. பகல்: சோறு, ஈரல். சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தது.

ஆவுடை மகன் நயினார் புனேயிலிருந்து போன் பண்ணினான்.

"பெரிம்மா, துரை சாப்டுதா?"

"உங்கம்மா வளத்த வளப்புக்கு நான் வெள்ளித் தட்டுலதான் வைக்கணும் போல."

"கொஞ்சம் பாத்துக்கோங்க பெரிம்மா. பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், மே மாசம் வந்து கூட்டிட்டுப் போயிருதேன். அம்மா பொங்கலன்னைக்குப் போன்ல பேசும்போதுகூடச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா துரைய பிரமக்காட்டதான் விடணும், அவளுக்குத்தான் அது அடங்கும்னு."

போகிறபோதும் எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். என் மகன் வீட்டுக்கு இரண்டு தரம் கயிறு கட்டி இழுத்துப்போனேன். இரண்டு தரமும் கயிற்றை அறுத்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி இங்கே வந்து படுத்துக்கொண்டது. ரயிலில் அடிபட்டால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். அதனால்தான் நான் இங்கே வந்து கிடக்கிறேன்.

வந்தேனே தவிர, இந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை. காலையும் ராத்திரியும் மகன் வீட்டில் சாப்பாடு. பகலுக்குத் தூக்குவாளி. குடிக்கிற தண்ணீர்கூட அங்கிருந்து பாட்டிலில் கொண்டு வருகிறேன். பகலில் நிலைப்படிக்கு வெளியே, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நாய்க்கு ஆவுடை அடுப்பில்தான் ஆக்குகிறேன். ஆனால் உப்புப் பார்ப்பதில்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்தாலும் கை நனைத்ததுதான்.

மருமகள் கேட்கிறாள், "உப்புக்கூடப் பாக்காம ஆக்கிப் போட்டா எந்த நாய் அத்தை திங்கும்?" நாய்க்கு என்ன பெரிய நாக்கு.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. மகன் வீட்டில் என் வீட்டுக்காரருக்குப் படையல் போட்டுவிட்டு மத்தியானம் திரும்பினேன். காகம் உடனே எடுத்தது. அவர் உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான், வைத்ததைச் சாப்பிடுவார். இந்த நாயைப்போல இல்லை.

காலை: பால். இரண்டு நக்கு. பகல்: மீன் சோறு. சாப்பிடவில்லை.

ஆவுடையின் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்தது இப்போது ஞாபகம் வருகிறது. அவள் படத்துக்கு முன்னால் பெரிய இலை போட்டு அவளுக்குப் பிடித்ததை எல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். திறந்து பார்த்தால் துரை உள்ளே இருக்கிறது. எந்த வழியாகப் போனதோ. இலையை வழித்துத் தின்றுகொண்டிருந்தது. நயினார் பெண்டாட்டி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். சொந்தக்காரர் ஒருவர் தடுத்தார். "விடும்மா, ஆவுடையே வந்து சாப்ட்டாப்பல இருக்கு" என்றார்.

அன்றைக்கு மட்டும் தின்றது. இலையில் என்ன இருந்தது என்று யோசித்து, அதே கத்தரிக்காய்ப் பொரியல், அதே பருப்பு, அதே அப்பளம் இன்றைக்குச் சாயங்காலம் செய்து அதன் சட்டியில் வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10, சனி

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினாள். எழுதியதைப் புரட்டிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதற்கு அவ்வளவு நேரம் படித்தாள் என்று தெரியவில்லை.

"ஒடம்புல ஒரு நோயும் இல்ல பாட்டி. இது எதுக்கோ காத்திருக்கு. உங்க தங்கச்சி எப்படி வப்பாங்க, எங்க வப்பாங்கன்னு பக்கத்து வீட்டுல விசாரிங்க. இப்படியே விட்டா கிட்னி போயிரும். ரொம்ப நாள் தாங்காது."

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த வீட்டு லூர்து, மகள் பிரசவத்துக்கு நாகர்கோவில் போனவள், ஆவுடை சாவுக்கும் வரவில்லை. அதையும் நான் மறக்கமாட்டேன்.

பால்காரியைக் கேட்டேன்.

"ஆவுடை வீட்டுக்கு மத்தியானம் யாரு வருவா?"

"யாரு வரப்போறா ஆச்சி? நான் பாத்து ஒருத்தரும் இல்ல."

"அன்னைக்கு ரெண்டு தட்டு இருந்துச்சே."

"அன்னைக்கு மட்டுமா? நான் பால் ஊத்த வரும்போதெல்லாம் ரெண்டு தட்டு கழுவிக் கவுத்தியிருக்கும். ரெண்டு டம்ளர். நான் என்னத்தைக் கண்டேன்."

ஆகத் தினமும் ஒரு ஆள் வந்திருக்கிறது. ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை. கூடப் பிறந்தவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க, எவளையோ கூட்டி வைத்து ஊட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

துரை சாப்பிடவில்லை.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. பகல் ஒரு மணி வாக்கில், அடுப்படியில் படுத்துக் கிடக்கிற நாய் எழுந்திருக்கிறது. நடக்கத் தெம்பில்லாமல் தள்ளாடிக்கொண்டு வாசலுக்குப் போகிறது. தெருவை, ரயில்வே கேட் பக்கமாகப் பார்க்கிறது. வாலை ஒரு தரம் ஆட்டுகிறது. பிறகு உள்ளே வந்து நடுவீட்டில் உட்கார்ந்து கிழக்குச் சுவரைப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. யாரோ வந்து உட்காரப்போகிற மாதிரி ஒதுங்கி, இடம் விட்டு உட்காருகிறது.

தினமும் இதே நேரம். பட்டப்பகல், வெயில் அடிக்கிறது, தெருவில் ஐஸ்காரன் போகிறான். எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த நேரத்தில் என் இடது தோள் கனக்கிறது. ஒரு கையை வைத்த மாதிரி. நிலைப்படியில் உட்கார்ந்து நான் தூக்குவாளியைத் திறக்கும்போதுதான் வரும். திரும்பிப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

காலை: பால் ஒரு கரண்டி, வாயைத் திறந்து ஊற்றினேன். பாதி வெளியே வந்துவிட்டது.

பாத்திர ஸ்டாண்டைத் துடைத்தேன். தட்டுகளுக்கு நடுவே ஒன்று கையில் வந்தது. விளிம்பில் பேர் வெட்டியிருக்கிறது. எழுத்து தேய்ந்துபோய்விட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். பிரமு. 3.6.2001.

நான் கொடுத்த தட்டு. இந்த வீட்டுப் பால்காய்ச்சுக்குக் கொடுத்தது. அப்போது நான் புருஷன் இல்லாதவள், கையில் ஒன்றும் கிடையாது. கம்மலை அடகு வைத்து வாங்கி, கடைக்காரனிடம் நின்று பேர் வெட்டிக்கொண்டு வந்தேன்.

எங்காவது பரணில் போட்டிருப்பாள், இல்லை வேலைக்காரிக்குக் கொடுத்திருப்பாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இது தினமும் புழங்கின தட்டு. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்தே மங்கிவிட்டது.

தட்டைக் கீழே வைத்த சத்தம் கேட்டதும் துரை தலையைத் தூக்கியது. எழுந்து வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. நான் இங்கே வந்த பிறகு இன்றைக்குத்தான் இப்படி ஆட்டுகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தட்டில், என் பேர் போட்ட தட்டில் எவளுக்கோ விருந்து போட்டிருக்கிறாள். அந்த எவளோ அதில் வைத்த சோற்றைத் தொடாமல் போய் இவளைச் சாகவிட்டிருக்கிறாள். தட்டைக் கவிழ்த்து ஸ்டாண்டின் அடியில் செருகிவிட்டேன். நாய் முனகியது. முனகட்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

துரை சாப்பிடவில்லை. எழுந்து வாசலுக்கும் போகவில்லை. படுத்தபடியே ஒரு மணிக்கு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியது.

பிப்ரவரி 14, புதன்

லூர்து வந்துவிட்டாள். நெற்றியில் சாம்பலோடு மாதா கோயிலிலிருந்து நேரே இங்கே வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க... பிரமாச்சியா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல ஆச்சி. நீங்க இந்த வீட்டுக்குள்ள நிக்கிறதப் பாக்க ஆவுடாச்சி இல்லாமப் போயிட்டாகளே." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகளுக்குக் குழந்தை பிறந்த அன்றைக்குத்தான் ஆவுடை செத்த செய்தி வந்ததாம். பச்சை உடம்பை விட்டுவிட்டு வர முடியவில்லையாம். சரி, அவளை மன்னித்துவிட்டேன்.

காப்பி வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "இன்னைக்கு எனக்கு ஒருசந்தி ஆச்சி, ஒரு நேரந்தான்" என்றாள். நல்லதாகப் போயிற்று.

நாயைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "ஐயோ, துரையா இது? எலும்பால்ல கெடக்கு! என்ன ஆச்சி வைக்கீக?"

"வைக்காதது ஒண்ணும் இல்ல. ஆவுடை என்னதான் வைப்பா?"

"என்ன வப்பாக? தான் திங்கிற சோறுதான். ஆனா எப்படி வப்பாகன்னு கேளுங்க."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு மணி ஆனா வாசக் கதவ ரெண்டு பக்கமும் தொறப்பாக. பலகை ரெண்டு போடுவாக. இங்கன ஒண்ணு, அந்தக் கெழக்குச் சுவரு ஓரமா ஒண்ணு. ரெண்டு தட்டுலயும் சோறு போட்டு, வாசல்ல நின்னு கேட் பக்கம் பாத்து, 'யக்கா, வா, சோறு போட்டாச்சு'ன்னு கூப்புடுவாக. பெறகு உள்ள வந்து அவுக தட்டுல உக்காந்து, மெள்ள மெள்ளச் சாப்புடுவாக. எதிர்த் தட்டையே பாத்துக்கிட்டு. முடிச்சுக் கை கழுவிட்டு, அந்தத் தட்டை இது முன்னால நகத்தி, 'அக்கா வரல. நீயாச்சும் சாப்டு'ம்பாக. அதுக்கப்புறந்தான் இது வாய வைக்கும். துரை வாறதுக்கு முந்தி வாசல்ல யாரு வாறாகளோ அவுகளுக்கு. நான் இந்தத் தெருவுக்கு வந்து பன்னெண்டு வருசமாச்சு. ஒருநா தவறுனதில்ல."

கிழக்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"மொதல்ல நான் செத்துப்போன அவுக வீட்டு அண்ணாச்சிக்கு வைக்காகன்னு நெனச்சேன். கேட்டுட்டேன். சிரிச்சாக. 'அவுக சாப்ட்டுத்தான் போனாக. இது சாப்புடாமப் போனவளுக்கு'ன்னாக."

லூர்து போய்விட்டாள். ரொம்ப நேரம் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யார் என்று தெரியட்டும், சும்மா விடமாட்டேன் என்று நாலைந்து பக்கத்துக்கு முன்னால் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். டாக்டரம்மா படித்த பக்கம். கிழிக்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

துரை சாப்பிடவில்லை.

லூர்துக்கு என்ன தெரியும். அவள் பன்னிரண்டு வருஷத்துக்காரி.

பால்காய்ச்சு அன்றைக்கு முதல் பந்தி. அந்தக் கிழக்குச் சுவரோரம் மூன்றாவது இலை எனக்கு. உப்பு, மாங்காய், அவியல், பூசணிக்காய்ப் பச்சடி, வாழைக்காய் வறுவல், அப்பளம் வைத்தாயிற்று. சோறு போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றி, நான் பிசைந்துவிட்டேன். முதல் வாய் கையில் இருக்கிறது. பாயசத் தூக்கோடு ஒருத்தன் அந்தக் கோடியில் நிற்கிறான். அப்போதுதான் இடது தோளில் ஒரு கை விழுந்தது.

"யக்கா, சித்த எந்திரி. அடுத்த பந்தில உக்காந்துக்கலாம்."

அவள் மாமியார்க்காரி சொல்லித்தான் எழுப்பினாளாம். மாமியாருக்குப் பயந்துதான் செய்தாள் என்று லூர்து நேற்றுப் போகும்போது சொன்னாள், என்னவோ நான் அறியாததைச் சொல்வது மாதிரி. மாமியார் முணுமுணுத்தது என் காதிலும்தான் விழுந்தது. புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் புது வீட்டில் முதல் பந்தியிலா என்று. அது வேற்று மனுஷி. சொல்லிவிட்டுப் போகட்டும். என் தோளில் விழுந்த கை யாருடையது? நான் இடுப்பில் தூக்கிச் சுமந்த கை. என் மடியில் உட்கார்ந்து பிசைந்த சோறு வாங்கின கை.

பிசைந்த சோற்றை இலையில் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். இந்த வீட்டில் இனிக் கை நனைத்தால் நான் பிரமு இல்லை என்று நிலைப்படியில் நின்று சொன்னேன். அத்தனை பேரும் கேட்டார்கள்.

மறுநாள் காலையில் தூக்குவாளியோடு வந்து என் வாசலில் நின்றாள். பாயசம், வடை, எல்லாம் கொண்டு வந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தூக்குவாளியை வாங்கி, அவள் கண்ணு முன்னாலேயே தெருவில் நின்ற நாய்க்குக் கொட்டினேன். ஒரு செவலை நாய். வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. வெறும் வாளியைத் திருப்பி அவள் கையில் கொடுத்தேன்.

இந்தத் துரையும் செவலைதான்.

இப்போது தெரிகிறது. என் சோற்றை நாய்க்குப் போட்டாயே, இந்தா, நானும் தினம் தினம் உன் சோற்றை நாய்க்கே போடுகிறேன் என்று என்னைக் குத்திக் காட்டத்தான் இத்தனை வருஷமும் செய்திருக்கிறாள். லூர்து அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு அழுகிறாள். அவளுக்கு ஆவுடையைத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 16, வெள்ளி

காலையில் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்க் குளுக்கோஸ் ஏற்றினேன். டாக்டரம்மா நரம்பு கிடைக்காமல் இரண்டு காலிலும் குத்தினாள். "இனிமே குளுக்கோஸ்ல ஓட்ட முடியாது பாட்டி. நாளைக்காவது வாயால சாப்பிடணும். இல்லன்னா நயினார் சாருக்குச் சொல்லி வச்சிருங்க" என்றாள். எதைச் சொல்லி வைப்பது?

பகலில் கதவைத் திறந்தேன். ஸ்டாண்டின் அடியிலிருந்து அந்தத் தட்டை எடுத்துக் கழுவிக் கிழக்குச் சுவரோரம் வைத்துச் சோறு போட்டேன். துரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு தட்டும் இருக்கவேண்டிய இடத்துக்கு நடுவில், சரியாக உட்கார்ந்தது. உட்காரக்கூட முடியவில்லை, முன்னங்கால் நடுங்குகிறது.

நான் தட்டை நகர்த்தினேன். சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்தது. வாசலைப் பார்த்தது. பிறகு எதிர்ப்பக்கம், ஆவுடை பலகை இருக்கிற இடத்தைப் பார்த்தது. அங்கே யாரும் சாப்பிடவில்லை. அங்கே சாப்பிட்டு முடிக்காமல் இது வாய் வைக்காது.

"தின்னு மூதேவி, தின்னு. செத்துப் போகாத" என்று கத்தினேன். லூர்து ஓடி வந்தாள்.

"ஆச்சி, நான் வேணா உக்காந்து சாப்டட்டுமா?"

உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். கூப்பிடக்கூடச் செய்தாள், "யக்கா, வா" என்று. நாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. அவள் சாப்பிட்டு முடித்ததும் படுத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

அவள் கூப்பிட்டது பொய் என்று அதற்குத் தெரிகிறது.

பிப்ரவரி 17, சனி

மகன் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு வரவில்லை.

சோறு ஆக்கினேன். தட்டைப்பயறுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், இரண்டு அப்பளம். உப்புப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குக் கதவை இரண்டு பக்கமும் திறந்தேன். பலகை இரண்டு போட்டேன். கிழக்குச் சுவரோரம் என் பேர் போட்ட தட்டு. எதிரே ஆவுடை தட்டு. இரண்டிலும் பரிமாறினேன். இரண்டு டம்ளரில் தண்ணீர், இந்த வீட்டுக் குடத்துத் தண்ணீர்.

வாசலில் போய் நின்றேன். கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். யாரையும் நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. இந்த வயசில் அந்தச் சொல்லைச் சொல்ல என் நாக்குக்குத் தெரியவில்லை. வண்டி முழுசும் போய்க் கேட்டைத் தூக்கினார்கள். சைக்கிள்காரர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தப் பக்கத்தில் நடந்து வருகிறவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன்.

"யக்கா" என்றேன். "வா. சோறு போட்டாச்சு."

என் குரல் மாதிரி இல்லை. உள்ளே துரை தலையைத் தூக்கியது. வால் தரையில் அடித்தது.

ஆவுடை பலகையில் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தேன். முதல் வாய் கையில் இருந்தது. இடது தோளில் அந்தக் கனம் வந்தது. வரட்டும் என்று அப்படியே இருந்தேன். எழுப்பினால் எழுப்பட்டும்.

யாரும் எழுப்பவில்லை.

சாப்பிட்டேன். உப்பே இல்லை. ஒரு கல் உப்புக்கூட இல்லை. இத்தனை நாளும் இந்தச் சப்பைச் சோற்றையா அதற்கு வைத்துக்கொண்டிருந்தேன்? எழுந்து உப்பு எடுக்கப் போனால் எழுந்தது ஆகிவிடும் என்று அப்படியே சாப்பிட்டேன். மெள்ள மெள்ளத்தான் இறங்கியது. எதிர்த் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஆவி அடங்கியது. அப்பளம் நமத்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, ஓட்டினேன். அக்கா வந்துவிடுவாள் என்று எனக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டது. வாசலில் நிழல் தட்டினபோதெல்லாம் பார்த்தேன்.

இப்படி ஒருத்தி இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தால் நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும்.

கை கழுவினேன். தட்டைத் துரை முன்னால் நகர்த்தினேன்.

"அக்கா வரல" என்றேன். தட்டின் விளிம்பிலிருந்து கையை எடுத்தேன். "நீயாச்சும் சாப்டு."

சாப்பிட்டது. முதலில் நக்கியது. பிறகு ஒரு வாய். பிறகு தட்டு சுவரில் போய் இடிக்கிற வரைக்கும் தள்ளித் தள்ளித் தின்றது. என் பேர் தெரிகிற வரைக்கும் நக்கியது.

பிப்ரவரி 19, திங்கள்

பகல்: இரண்டு தட்டு. முழுசும் சாப்பிட்டது. உப்புப் போட்டேன்.

டாக்டரம்மா எப்படி என்று கேட்டாள். கூட உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே பாட்டி" என்றாள். சின்னப் பிள்ளை. அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. நாய்க்கு உப்பும் இனிப்பும் ரொம்ப ஆகாது என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதியிருக்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லி ஒரு வாரம் ஆகிறது. பழகிவிட்டதால் எழுதுகிறேன்.

நயினார் போன் பண்ணினான். மே மாசம் டிக்கெட் போடட்டுமா, துரையைக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டான். எதற்கு, அந்தக் குளிரில் அது என்ன செய்யும், இங்கேயே கிடக்கட்டும் என்றேன். "அப்ப நீங்க பெரிம்மா?" என்றான். வீட்டை அடைத்துப் போட்டால் கரையான் பிடிக்கும் என்றேன்.

காலையும் இங்கேயே ஆக்கிவிடுகிறேன். மருமகளுக்கு ஒரு வேலை மிச்சம்.

பகல்: வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, கீரை. கதவைத் திறந்து வைத்தேன். இப்போதெல்லாம் வாய் தடுக்காமல் வருகிறது. யக்கா, வா, சோறு போட்டாச்சு என்று கேட் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன். நானும் துரையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் வரவில்லை. பிடிவாதக்காரி.

அன்றைக்குப் பாயசம் வருவதற்குள் எழுந்து போனவள். நாளைக்குப் பாயசம் வைத்துப் பார்க்க வேண்டும். இனிப்பு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னது துரைக்குத்தானே, அவளுக்கு இல்லையே.